கை நீட்டி வாங்குவது

கொடுப்பதைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டு வளர்ந்தவள் நான். தசமபாகம், ஸ்தோத்திரக் காணிக்கை, ஏழை விதவையின் இரண்டு காசு, உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார்... ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்த வசனங்களில் பாதி இதைப் பற்றியவைதான். வாங்குவதைப் பற்றி யாரும் பிரசங்கம் பண்ணியதாக எனக்கு நினைவில்லை. "வாங்குகிறதைப்பார்க்கிலும் கொடுக்கிறதே பாக்கியம்" என்ற வசனத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

வசனம் மெய்தான். எபேசு சபை மூப்பர்களிடம் விடைபெறும்போது, கர்த்தராகிய இயேசு சொன்ன வார்த்தை என்று பவுல் எடுத்துச் சொன்னது அது. ஆனால் அதே பவுல் கட்டுண்டு கிடந்தபோது, பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து கையில் கொடுத்தனுப்பியதை மறுக்காமல் வாங்கிக்கொண்டார். "நீங்கள் என் உபத்திரவத்தில் என்னுடனே உடன்பட்டது நலமாயிருந்தது" என்று பதில் எழுதினார். ஆண்டவரையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்து கிடந்த முன்னணை யாருடையதோ. ஜனங்களுக்குப் போதிக்க ஏறி உட்கார்ந்த படகு சீமோனுடையது. எருசலேமுக்குள் ஏறிவந்த கழுதைக்குட்டி இரவல். கடைசிப் பஸ்கா விருந்துக்கு மேல்வீட்டு அறையை யாரோ ஒருவர் கொடுத்தார். யோவன்னாள், சூசன்னாள் முதலான பெண்கள் தங்கள் ஆஸ்தியால் அவருக்கு ஊழியம் செய்தார்கள் என்று லூக்கா பெயர் சொல்லி எழுதியிருக்கிறார். கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் அவர் முதலில் சொன்னது "தாகத்துக்குத் தா" என்பதுதான். அடக்கம் பண்ணிய கல்லறையும் அரிமத்தியா ஊர் யோசேப்புடையது. சகலத்தையும் படைத்தவர் என்று நாம் அறிக்கையிடுகிறவர், பூமியில் இருந்த நாளெல்லாம் மனுஷர் கையிலிருந்து வாங்கி வாழ்ந்திருக்கிறார். தாழ்மையைப் பற்றி இத்தனை பேசுகிற நாம் இதை ஏன் பேசாமல் விடுகிறோம் என்பது வெகுநாளாக என் மனதில் இருக்கும் கேள்வி.

சிங்கப்பூரில் வாழும் நமக்கு இது இன்னும் கஷ்டம். சொந்த வீடு, மத்திய சேமநிதி, காப்புறுதி, பிள்ளைகளின் படிப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, யார் தயவிலும் நிற்காமல் தலைநிமிர்ந்து நிற்பதுதான் இந்த ஊர் நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அதில் தப்பில்லை. அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் உழைத்து எங்களை ஆளாக்கியது அந்த வைராக்கியத்தில்தான். ஆனால் அந்த வைராக்கியம் மெல்ல மெல்ல ஆத்துமாவுக்குள்ளும் இறங்கிவிடுகிறது. ஒருவர் நமக்கு ஒன்று செய்துவிட்டால் உடனே பதிலுக்குச் செய்யாவிட்டால் இருப்புக்கொள்ளாது. நோன்புப் பெருநாளுக்குப் பக்கத்து வீட்டு மலாய் அக்கா கொடுத்த கிண்ணம் தீபாவளியோ கிறிஸ்துமஸோ வரும்வரை காத்திருக்காது. இரண்டே நாளில் முறுக்கோ கேக்கோ நிறைந்து திரும்பிப்போகும். வெறுங்கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது அருமையான பழக்கம், அதை நான் விடப்போவதில்லை. ஆனாலும் சில சமயம் அந்தக் கிண்ணத்தில் அன்போடு சேர்ந்து 'கணக்கு நேராகிவிட்டது' என்ற நிம்மதியும் போகிறது. கடன்படாத மனுஷனாக இருப்பதில் நமக்கு அத்தனை ஆசை.

நாகமான் கதையை இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள், 2 இராஜாக்கள் 5. குஷ்டரோகியான சீரியப் படைத்தலைவன். அவன் வீட்டில் இஸ்ரவேலிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட ஒரு சிறுபெண் வேலை செய்கிறாள். பெயர்கூட எழுதப்படவில்லை. சமாரியாவில் ஒரு தீர்க்கதரிசி இருக்கிறார், அவரிடம் போனால் சுகமாகும் என்று அவள் சொன்னதை வைத்துத்தான் கதையே நகர்கிறது. நாகமான் பத்துத் தாலந்து வெள்ளியும், ஆறாயிரம் சேக்கல் பொன்னும், பத்து மாற்று வஸ்திரமும் எடுத்துக்கொண்டு புறப்படுகிறான். விலை கொடுக்காமல் சுகம் வாங்குவதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. எலிசா வெளியே வந்து முகம்கூடக் காட்டாமல், யோர்தானில் ஏழுதரம் முழுகு என்று ஆள் அனுப்பிச் சொன்னதும் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. தமஸ்குவின் நதிகளைவிட இது உசத்தியோ என்கிறான். அப்போது அவனுடைய ஊழியக்காரர் கிட்டவந்து, ஒரு பெரிய காரியத்தைச் செய்யச் சொல்லியிருந்தால் அதை நீர் செய்வீர் அல்லவா என்று கேட்கிறார்கள். எவ்வளவு ஞானமான கேள்வி! பெரிய காரியம் செய்ய நாம் எல்லாரும் தயார்தான். சும்மா போய் முழுகிவிட்டு வா என்றால்தான் மனசு வரமாட்டேன் என்கிறது.

அவன் முழுகினான், சுகமானான். கொண்டுவந்த காணிக்கையை எலிசா தொடவில்லை. வருந்திக் கேட்டும் வாங்கவில்லை. நாகமானின் தாழ்மை யோர்தானில் பாதிதான் நடந்தது, மீதி இங்கே நடந்தது என்பது என் எண்ணம். பெற்றதற்கு ஈடாக ஒன்றும் கொடுக்க முடியாமல், இந்த மண்ணிலிருந்து இரண்டு கோவேறு கழுதைச் சுமை எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்கிறவனாக அவன் ஊர் திரும்புகிறான். கொடுக்க வந்தவன் கேட்கிறவனாகிவிட்டான்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. நெல்லைச் சீமையில் பிறந்து, கல்யாணமாகிச் சிங்கப்பூர் வந்தவர். எங்கள் சபையின் சமையல்கட்டு வெகுகாலம் அம்மாவின் பொறுப்பில் இருந்தது. ஆராதனை முடிந்ததும் கொடுக்கும் தேநீர், சுண்டலிலிருந்து அறுப்பின் பண்டிகை பிரியாணி வரைக்கும் அம்மா கை படாமல் இறங்காது. எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் அம்மா தட்டை எடுப்பார். அண்டாவைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புவார். யாராவது உதவிக்கு வந்தால், "நீங்க போங்கம்மா, நான் பாத்துக்கிடுதேன்" என்று அனுப்பிவிடுவார். தாழ்மைக்கு உதாரணம் கேட்டால் சபையில் பத்தில் ஒன்பது பேர் அம்மாவைத்தான் காட்டியிருப்பார்கள்.

குளியலறையில் வழுக்கி விழுந்து அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து வாக்கரோடு வீட்டுக்கு வந்தார். அம்மாவைக் கவனித்துக்கொள்ள மியன்மாரிலிருந்து ஒரு பெண் வந்தாள், சின் மலைப்பகுதியைச் சேர்ந்தவள். அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரிகள் 1899-இல் அங்குள்ள ஹாக்கா ஊருக்கு வந்தது முதல் சுவிசேஷம் வேரூன்றி, இன்று சின் மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். தன் பாஷையில் அச்சான வேதாகமத்தைப் பெட்டியில் முதலில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அலமாரியில் அம்மாவுடைய தமிழ் வேதாகமத்துக்குப் பக்கத்தில் அதற்கும் ஓர் இடம் கொடுத்தோம். "பாட்டி", "தண்ணி", "வலிக்குதா", "உக்காருங்க" என்ற நான்கைந்து வார்த்தைகளை வந்த வேகத்தில் பிடித்துக்கொண்டாள்.

முதல் வாரம் அம்மா அவளைக் கிட்டவே விடவில்லை. அறுவை சிகிச்சை ஆன காலை மடக்கிக் குனிய முடியாது. பாதம் வீங்கி, தோல் வறண்டு, குதிகாலில் வெடிப்பு. அந்தப் பெண் நீல நிறப் பிளாஸ்டிக் வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துவந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அம்மாவின் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அம்மா சட்டென்று நல்ல காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். "வேண்டாம் பிள்ள. எழும்பு. காலத் தொடாத." அவளுக்கு என்ன புரிந்ததோ, எழுந்திருக்கவில்லை. தண்ணீருக்குள் கையை வைத்துச் சூடு பார்த்தபடி அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா என்னைப் பார்த்து, "ஏட்டி, அவள எழும்பச் சொல்லு. ஒரு புள்ளய தரையில உக்கார வச்சு கால நீட்டிக்கிட்டு இருக்கதுக்கா நான் இந்த வயசு வரைக்கும் இருந்தேன்" என்றார். குரல் நடுங்கியது. நான் எழும்பச் சொல்லவில்லை. ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

யோவான் 13 அம்மாவுக்கு மனப்பாடம். "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்று பேதுரு சொன்னபோது அவன் பெருமையாகவா பேசினான்? இல்லையே. ஆண்டவர்மேல் இருந்த மரியாதையில்தான் பேசினான். அந்த மரியாதைக்குள்ளே, தான் யார், அவர் யார், எது நடக்கலாம், எது நடக்கக் கூடாது என்பதைத் தானே தீர்மானிக்கிற பிடிவாதமும் இருந்தது. அதனால்தான் பதில் அவ்வளவு கடுமையாக வருகிறது: "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை." பெரிய வியாழன் ஆராதனையில் இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம், நாமும் ஒருவர் கால்களை ஒருவர் கழுவ வேண்டும் என்பதில்தான் பிரசங்கம் போய் நிற்கிறது. கழுவக் கொடுப்பதும் கட்டளைதான் என்று யாராவது ஒரு வருஷமாவது பேசினால் நன்றாயிருக்கும்.

அம்மா எப்போது இணங்கினார் என்று நாள் குறித்துச் சொல்ல முடியாது. பிடிவாதம் மெல்லத் தளர்ந்தது. ஒரு நாள் காலையில் அறையிலிருந்து அம்மாவின் சத்தம் கேட்டது. "ஏட்டி, தண்ணி ஆறிப்போச்சுன்னு அவகிட்ட சொல்லு. இன்னும் கொஞ்சம் சூடா வேணும்." எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. வாழ்நாள் முழுவதும் தனக்கென்று ஒரு வாய் காப்பிகூடக் கேட்டு வாங்காதவர், இன்னும் சூடாக வேண்டும் என்று கேட்கிறார். அந்தப் பெண் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். அம்மா "போதும்" என்று சொல்லும்வரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

சபைச் சமையல்கட்டில் அம்மா செய்த ஊழியத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. அதில் கர்த்தர் மகிமைப்பட்டார் என்று முழு மனதோடு நம்புகிறேன். ஆனால் பரிமாறும்போது அகப்பை நம் கையில் இருக்கிறது. யாருக்கு, எவ்வளவு, எப்போது என்பதெல்லாம் நம் தீர்மானம். வாங்கும்போது அகப்பை அடுத்தவர் கையில். அம்மாவின் தாழ்மை முழுமையடைந்தது அந்த நாற்காலியில்தான்.

அம்மாவின் ஊர்ப்பக்கத்துச் சபைகளில் இதற்கு ஒரு பழக்கமே உண்டு. அசனம் என்பார்கள். ஊரெல்லாம் அரிசியும் ஆடும் பணமுமாகக் கொண்டுவந்து ஆலயத்தில் கொடுக்க, பெரிய பெரிய அண்டாக்களில் சோறும் கறிக்குழம்புமாகப் பொங்கி, எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்துப் பரிமாறுவார்கள். வசதியான வீடு, கூலி வேலைக்குப் போகிற வீடு என்று பந்தி பிரிப்பதில்லை. சாப்பிட்டு முடித்து வீட்டுக்கும் தூக்குவாளியில் வாங்கிப்போவார்கள். எங்கள் ஆச்சி வீட்டில் தோட்டமும் வயலும் இருந்தன, ஆடு கொடுத்த வீடு. ஆனாலும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கப் பிள்ளைகளைத்தான் அனுப்புவார்களாம். சின்ன வயதில் அம்மா வெட்கப்பட்டபோது, "கோயில் சோத்துக்குக் கை நீட்ட வெக்கப்படுதவ, சாமி சமுகத்துல எப்படிக் கை நீட்டுவ?" என்று ஆச்சி கேட்டதாக அம்மா சொல்வார். திருவிருந்தில் அப்பத்துக்கு முழங்கால்படியிட்டு வெறுங்கையைத்தானே ஏந்துகிறோம். அந்த இடத்தில் நிறைந்த கையோடு வர யாராலும் முடியாது.

2020-இல் நடந்த ஒன்றையும் எழுதிவைக்க ஆசை. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நோய்ப்பரவல் முறியடிப்புக் காலம். ஆலயங்கள் மூடியிருந்தன. பிறகு ஐம்பது பேர் வரை கூடலாம் என்று திறந்தபோதும் சேர்ந்து பாட அனுமதி இல்லை. கீர்த்தனை இல்லாத தமிழ் ஆராதனையை அந்த நாட்களில்தான் பார்த்தோம். எங்கள் சபைக்கு வழக்கமாக வரும், ஊரிலிருந்து இங்கே வேலைக்கு வந்திருந்த தம்பிகள் தங்குவிடுதிகளில் அடைபட்டுக் கிடந்தார்கள். ஊரோடு பேச அவர்களுடைய கைத்தொலைபேசிக்கு டாப்-அப் செய்து கொடுக்கும் வேலையைச் சிலர் எடுத்துக்கொண்டோம். நாம் கொடுக்கிறோம், அவர்கள் வாங்குகிறார்கள் என்றுதான் அது தொடங்கியது. ஒரு நாள் ராத்திரி ஒரு தம்பி கூப்பிட்டார். பணம் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டே எடுத்தேன். "அக்கா, ரூம்ல நாங்க நாலஞ்சு பேரு தினமும் ஒன்பது மணிக்கு ஜெபம் பண்றோம். உங்க வீட்டுக்காகவும் பண்றோம். பெரியம்மாவுக்குக் கால் வலி எப்படி இருக்கு? வேற எதுக்காவது ஜெபிக்கணுமா?" என்றார்.

ஒரு அறைக்குள் கிருமித்தொற்று பயத்தோடு, வேலை என்னாகும், ஊரில் வீட்டுக்கடன் என்னாகும் என்ற கவலையோடு இருந்தவர், என் வீட்டுக்காக ஜெப விண்ணப்பம் கேட்டு அழைக்கிறார். அம்மாவின் கால்வலியைச் சொன்னேன். மகனின் படிப்பைச் சொன்னேன். பிறகு யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொன்னேன். அந்த நாட்களில் என்னைத் தாங்கியது அந்த ஒன்பது மணி ஜெபம்தான் என்று இன்றும் சாட்சி சொல்லுவேன்.

சாட்சி நேரத்தில் நாம் எதற்கெல்லாம் ஸ்தோத்திரம் சொல்கிறோம் என்று கவனித்து வருகிறேன். வீடு, வேலை உயர்வு, பரீட்சை மதிப்பெண், நிரந்தரவாசத் தகுதி, சுகமான பிரசவம். எல்லாம் கர்த்தர் செய்தார். ஆமென். ஆனால் கர்த்தர் யார் கைகளைக்கொண்டு செய்தார் என்பதையும் சொன்னால் சாட்சி இன்னும் உண்மையாக இருக்கும். அந்த வீட்டைக் கட்டியவர், இரவு இரண்டு மணிக்குப் பிரசவ வார்டில் தரையைத் துடைத்தவர், உணவங்காடியில் எழுபது வயதிலும் மேசை துடைக்கிற பாட்டி. நாம் சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துவைக்க இந்த ஊரில் 2021-இல் சட்டத்தை அமலாக்க வேண்டியிருந்தது என்பதைக் கிறிஸ்தவர்களாவது கொஞ்சம் துக்கத்தோடு நினைத்துப் பார்க்கலாம்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்துக்குப் போகும்போதெல்லாம் நான் சுவரைத் தொட்டுப் பார்ப்பேன். அந்த வெள்ளைக் கட்டடம் 1856-இல் தொடங்கி, 1862-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. வரைந்தவர் ரொனால்ட் மெக்ஃபெர்சன் என்ற அதிகாரி. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து தண்டனைக் கைதிகளாகக் கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்கள். 1825 முதலே இந்தியக் கைதிகள் இங்கே வந்து சாலை போட்டார்கள், சதுப்பு நிலத்தைத் தூர்த்தார்கள், கட்டடம் எழுப்பினார்கள். பேராலயத்தின் உட்சுவருக்கு அவர்கள் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு. சிப்பிச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் சேர்த்து அடித்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுப் பதப்படுத்திப் பூசி, காய்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். நம் ஊர்க் கொத்தனார்களின் கைப்பக்குவம் அது. உள்ளே சுவரில் எத்தனையோ பேருக்கு நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. அந்தச் சுவரைத் தேய்த்தவர்களின் பெயர் எதுவும் எனக்குத் தெரியாது. அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களும் இல்லை. தாங்கள் கும்பிடாத ஒரு சாமிக்கு, விலங்கு மாட்டி அனுப்பிய ஒரு அரசாங்கத்தின் உத்தரவில், இத்தனை அழகாகச் செய்து வைத்திருக்கிறார்கள். அதற்குள் நின்று நாம் பாடுகிறோம். இதற்கு யாரிடம் போய்க் கணக்கு நேர் செய்வது? வாங்கிக்கொண்டோம் என்று தலைகுனிந்து ஒத்துக்கொள்ளத்தான் முடியும்.

நேர் செய்யக்கூடியதை நேர் செய்யாமல் நன்றி மட்டும் சொல்வதும் சரியில்லை. வீட்டில் பணிப்பெண் வைத்திருக்கும் விசுவாசிகளிடம் இதைத் தயங்காமல் சொல்வேன். வாரம் ஒரு ஓய்வுநாள் என்ற விதி 2013-இல் வந்தது. அதற்குப் பதிலாகப் பணம் கொடுத்துக்கொண்டே போகாமல் மாதத்தில் ஒரு நாளாவது கட்டாயம் விட வேண்டும் என்பது 2023 முதல் சட்டம். ஒரு நாள் என்பது சட்டத்தின் குறைந்த அளவு. ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரி என்ற கட்டளையில் 'உன் வேலைக்காரியானாலும்' என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. எங்கள் வீட்டில் அம்மாவைக் கவனித்துக்கொள்ளும் பெண்ணுக்கு எல்லா ஞாயிறும் விடுமுறை. காலையிலேயே நல்ல உடை உடுத்தி, தன் ஊர்க்காரர்களின் ஆராதனைக்குப் போய்விடுவாள். அம்மா அவளுக்கு முந்தின நாளே காணிக்கைக்குச் சில்லறை எடுத்துவைப்பார். அவளும் மறுக்காமல் வாங்கிக்கொள்வாள்.

அப்படியானால் நடக்க முடியாத பெரியவர்களை ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு யார் அழைத்துவருவது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்காகவே எங்கள் சபையில் ஒரு பட்டியல் போட்டிருக்கிறோம். கார் வைத்திருப்பவர்கள், சக்கர நாற்காலி தள்ளக்கூடிய வாலிபப் பிள்ளைகள் முறை வைத்து வீட்டுக்கு வந்து அழைத்துப்போவார்கள். உதவ வருகிறோம் என்று பெயர் கொடுத்தவர்கள் நிறையப் பேர். என்னை அழைத்துப்போங்கள் என்று பெயர் கொடுத்த பெரியவர்கள்தான் குறைவு. பிள்ளைகளுக்கு எதற்குத் தொந்தரவு என்கிறார்கள். அந்தப் பட்டியலில் முதல் பெயர் அம்மாவுடையது. இப்போது மற்றவர்களுக்கும் போன் போட்டு, "வெக்கப்படாம பேரக் குடுங்க" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.